நாம எப்ப கிளம்புதோம்?

உக்காருங்க, உக்காருங்க. மாடிப் போர்ஷனப் பாத்தாச்சுல்லா, வாடகையும் சொல்லியாச்சு. பெறகு என்ன அவசரம்? உங்க வீட்டு சார் வந்து ஹாரன் அடிக்கட்டும், போகலாம். வெயில் தாழட்டும். ஒரு வாய் காப்பி குடிங்க. சீனி போடலாமா? நல்லது, எல்லாரும் சீனியா, நாட்டுச்சர்க்கரையான்னு ஒரு பாடு பேசுவாங்க. நீங்க சட்டுன்னு சொல்லிட்டீங்க.

என்ன பாக்கீங்க? ஆணியில தொங்குத பையா? அது ஒண்ணுமில்ல. தலைய நீட்டிக்கிட்டு இருக்கது பொம்மை. ராஜா. உள்ள ராணியும் இருப்பா, ஜோடியாத்தான் விப்பான். ஜெய்ப்பூர்ப் பொம்மை. நான் போகல. நான் போயி வாங்கியிருந்தா அது ஆணியிலயா தொங்கும்? ஷோகேஸ்ல இருக்கும். இல்ல, எடுக்காண்டாம். இருக்கட்டும். நானே இன்னும் பிரிக்கல.

சரி, சொல்லுதேன். நீங்களும் இந்தத் தெருவுக்கு வரப்போறவங்க. யாரு யாரு எப்படின்னு தெரிஞ்சுக்கிடணும்லா?

ஏம் பேரு உலகம்மாள். ஆனா இந்தி டீச்சர் வீடுன்னு கேட்டாத்தான் தெருவுல சொல்லுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே இந்திப் பரீட்சை அம்புட்டையும் எழுதி முடிச்சவ நான். பாளையங்கோட்டையில இந்தி படிச்ச பாதிப் பேரு இந்தக் கூடத்துல பாய விரிச்சு உக்காந்து படிச்சவங்கதான். ஒருத்தன் டெல்லியில பெரிய வேலையில இருக்கான். ஒருத்தி போபால்ல மருமகளாவே போயிட்டா. நான்? மெட்ராசத் தாண்டினதில்ல. பேரப் பாருங்க, உலகம்மாள்! எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும், 'ரிட்டயர் ஆனதும் காசிக்குப் போவோம்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரிட்டயர் ஆனாரு. ஈசிசேர்ல உக்காந்தாரு. அவ்வளவுதான், பெறகு எந்திரிக்கவே இல்ல.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. இத்தன காலம் இந்தி சொல்லிக் கொடுத்திருக்கேனே, ஒரு இந்திக்காரங்க முன்னால நின்னு நான் இந்தி பேசினதே இல்ல. தெருமுனையில பானிபூரி விக்க வந்தானே, அவன்கிட்ட ஒரு நா ஆசையாப் போயி பேச்சுக் கொடுத்தேன். அவன், 'அக்கா, காரமா ஸ்வீட்டா?'ன்னு தமிழ்ல கேக்கான். என்ன செய்ய? 'காரம்'னு சொல்லி வாங்கித் தின்னுட்டு வந்தேன்.

அதுக்குத்தான் ஜெய்ப்பூரு. வேற எதுக்குமில்ல. ஒரு கோட்டை வாசல்லயோ ஒரு கடை வாசல்லயோ நின்னு, ஒரு மனுசன்கிட்ட நான் இந்தியில ஒண்ணு கேக்கணும். அந்த மனுசன் அதுக்கு இந்தியிலயே பதில் சொல்லணும். இது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்க.

பேச்ச ஆரம்பிச்சது செண்பகவல்லி. எதுத்த வீடு, பச்சைக் கேட்டு. சாயங்காலம் ஆனா அவ வீட்டு ஹால்லதான் கூடுவோம். நான், செண்பகம், கடைசி வீட்டு ரோஸ்லின். அவ நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அதிராமப் பேசுவா. அப்புறம் பிரம்மசக்தி. பிரம்மு, பிரம்முன்னு கூப்பிடுவோம். உடன்குடிப் பக்கத்துக்காரி. நல்ல கைப்பக்குவம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயும் ஓயாது, சிரிப்பும் ஓயாது. அவ சிரிச்சா ஸ்டாண்டுல நிக்க ஆட்டோக்காரன் திரும்பிப் பாப்பான்.

ஒரு நா டிவியில ஜெய்ப்பூரக் காட்டுதான். ஊரு பூரா ரோஸ் கலரு, சன்னல் சன்னலா ஒரு அரண்மனை. செண்பகம் என்னைப் பாத்துச் சொல்லுதா, 'டீச்சர், நாம எல்லாரும் ஒருக்க இங்க போயிட்டு வருவோமே. நீங்க கூட இருந்தா எங்களுக்கு என்ன பயம்?'

நாம! அந்தச் சொல்லக் கவனிச்சீங்களா? பிள்ளைகளுக்கு நான் மொத மாசமே சொல்லிக் கொடுக்கது இதுதான். தமிழ்ல நாமன்னு ஒண்ணு இருக்கு, நாங்கன்னு ஒண்ணு இருக்கு. நாமன்னா யாருகிட்ட பேசுதோமோ அவங்களும் உள்ள. நாங்கன்னா அவங்க வெளிய. இந்தியில ரெண்டுக்கும் ஹம்தான். யாரு உள்ள, யாரு வெளியன்னு அந்த ஹம்முக்குத் தெரியாது. தமிழ்ல அப்படித் தப்பிக்க முடியாது. வாயத் திறந்த உடனே தெரிஞ்சு போகும். செண்பகம் அன்னைக்கு 'நாம'ன்னுதான் சொன்னா. கோயில்ல வச்சுக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்த வாரமே வேலையத் தொடங்கிட்டேன். பிளான் பூரா நான்தான். மொத நா காத்து மஹால், ஹவா மஹால். மத்தியானம் உச்சி வெயிலுக்கு ஜந்தர் மந்தர், ஏன்னா நிழல வச்சு மணி பாக்க கல்லெல்லாம் அங்கதான் இருக்கு, வெயில் இல்லாம போயி என்ன பிரயோசனம்? மறுநா ஆமேர்க் கோட்டை. கடைகண்ணி எல்லாம் கடைசி நா. ரோஸ்லினுக்கு மொத நாளே வளையல் கடைக்குப் போகணும். நான் விடல. கடையில பேரம் பேசத்தான் இந்தி நல்லா வேணும், அதுக்குள்ள உங்களுக்கு நாக்கு திருந்தட்டும்னேன். அவங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்?

அவங்களுக்கும் இந்தி வேணும்லா? நான் ஒருத்தி எத்தன பேருக்குப் பேசுவேன்? அதனால சாயங்காலம் பாடம் வச்சேன். 'நான் போறேன்'னு ஒரு ஆம்பள சொன்னா 'மே ஜாதா ஹூ'. பொம்பள சொன்னா 'மே ஜாதீ ஹூ'. இதுல என்ன கஷ்டம்? ரெண்டாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். செண்பகத்துக்கு வரல. எப்பப் பாத்தாலும் ஜாதா ஜாதான்னு ஆம்பளையாவே போயிக்கிட்டிருக்கா. பிரம்மு அதிரசம், முந்திரிக்கொத்துன்னு ஏதாவது சுட்டுக் கொண்டுவருவா. அதுல கைய வைக்கதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு வாக்கியம் பிழை இல்லாம சொல்லணும்னு ஒரு சட்டம் போட்டேன். சும்மா விளையாட்டுக்குத்தான். ஒரு நா ரோஸ்லினுக்கு சுகர் இறங்கி கை கிடுகிடுன்னு நடுங்குது, அப்பவும் வாக்கியத்தச் சொல்லி முடிச்சிட்டுத்தான் அதிரசத்த எடுத்தா. அவ்வளவு ஆர்வமா இருந்தாங்க எல்லாரும்.

'டீச்சர், டிக்கெட்டு எப்ப போடுவோம்?'னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மொதல்ல வாக்கியம், பெறகு டிக்கெட்டுன்னு சொல்லிட்டேன். ஊமையாப் போயி ஊரப் பாத்துட்டு வரதுக்கு டிவியிலயே பாத்துக்கிடலாமே.

இப்படி நல்லாப் போயிக்கிட்டிருந்தப்பதான் அந்தப் போனு.

ரோஸ்லினோட அக்கா மகன் ஜெய்ப்பூர்ல ஒரு லாட்ஜ் நம்பர் கொடுத்திருந்தான். 'நீங்களே பேசுங்க டீச்சர்'னு நம்பரப் போட்டு, எல்லாருக்கும் கேக்க மாதிரி ஸ்பீக்கர்ல வச்சுட்டா. முந்தானையச் சரி பண்ணிக்கிட்டேன். போன்லதான் பேசப் போறேன், முந்தானைய எதுக்குச் சரி பண்ணணும்? ஆனா பண்ணினேன். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளக் குரல், 'ஹா ஜீ'ங்குது. நான் சுத்தமான இந்தியில கேட்டேன்: 'க்ருபயா பதாயியே, ஸ்நானாகார் மே உஷ்ண ஜல் உபலப்த் ஹை க்யா?' தயவுசெய்து சொல்லுங்கள், குளியலறையில் வெந்நீர் கிடைக்குமான்னு. ஒரு பிழை கிடையாது. யாரு வேணாலும் திருத்திப் பாக்கலாம். அவன் 'க்யா?'ங்கான். என்னதுங்கான். நிறுத்தி, நிதானமா, திருப்பிச் சொன்னேன். 'மேடம், இங்கிலீஷ்? இங்கிலீஷ் ப்ளீஸ்'ங்கான்.

லைன் சரியில்ல. வேற ஒண்ணுமில்ல, லைன் சரியில்ல. அப்பவே சொன்னேன். செண்பகமும் ரோஸ்லினும், 'ஆமா டீச்சர், கரகரங்குது'ன்னாங்க. இந்த பிரம்மு மட்டும், 'ஏ அம்மா! சுடுதண்ணி கேக்கதுக்கு இவ்வளவு மந்திரமா? கும்பாபிஷேகம் மாதிரில்லா இருக்கு!'ன்னா. சொல்லிட்டு, அந்தச் சிரிப்பு. செண்பகம் அடுப்பாங்கரைக்குள்ள போயிட்டா. ரோஸ்லின் முந்தானைய வாயில வச்சு அமுக்குதா. நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல கேட்டீங்களா. மனசுல வச்சுக்கிடுத ஆளே இல்ல நான். அன்னைக்கு அவ சிரிச்சிட்டு எந்திரிக்கதப் பாத்தப்பதான் எனக்குத் தோணுச்சு, இவளுக்குக் கால்முட்டு வலி இருக்கேன்னு. கைய ஊனித்தான் எந்திரிக்கா. இவ எப்படிக் கோட்டை ஏறுவா? நடு வழியில உக்காந்துட்டா யாரு தூக்கதுன்னு. இத செண்பகத்துகிட்டயும் ரோஸ்லின்கிட்டயும் எடுத்துச் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. பேசலைன்னா சம்மதம்னுதான அர்த்தம்?

யாராவது சொல்லணும்லா? அவங்களுக்குத் தைரியம் இல்ல. நானே பிரம்மு வீட்டுக்குப் போயி, நயமாச் சொன்னேன். 'பிரம்மு, தப்பா நெனைக்காதீங்க. நாங்க அங்க ரொம்ப நடக்கணும். நாங்க கோட்டை எல்லாம் ஏறணும். உங்க முட்டுக்கு ஆகாது. நாங்க போயிட்டு வந்து போட்டோ காட்டுதோம்'னு சொன்னேன். எவ்வளவு பக்குவமா சொல்லியிருக்கேன் பாருங்க, ஒரு சொல்லு கூட மனசு நோகுத மாதிரி கிடையாது. அவ கொஞ்ச நேரம் மாவு கையத் தொடச்சுக்கிட்டே நின்னா. பெறகு, 'சரி டீச்சர், நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஒரு ராஜா ராணி பொம்மை மட்டும் வாங்கிட்டு வாங்க'ன்னா. வாங்கிட்டு வாரேன்னு சொன்னேன். வாங்கிட்டு வந்திருப்பேன், சத்தியமா.

அவ வராம இருந்ததுல பாடம் நல்லா நடந்துச்சு. பலகாரம் வரது நின்னு போச்சு, அதுவும் நல்லதுதான், ரோஸ்லினுக்கு சுகரு.

பொங்கல் கழிச்சு ஒரு சின்னப் பரீட்சை வச்சேன். வாய்ப் பரீட்சைதான். ரோஸ்லின் எப்படியோ பாஸாகித் தப்பிச்சுட்டா. செண்பகம் வந்து நின்னா, ஸ்கூல் பிள்ளை மாதிரி கையக் கட்டிக்கிட்டு, 'மே... ஜாதா...' ன்னா. 'இன்னும் ஜாதாவா? போங்க, நல்லாப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் டிக்கெட்டப் பத்திப் பேசலாம்'னேன். அவளுக்குக் கண்ணெல்லாம் செவந்து போச்சு. படிப்புல அக்கறை இருக்கவங்களுக்கு அப்படித்தான், தோத்தா தாங்காது.

ரெண்டு மூணு நா கழிச்சு அவளே வாரா. 'டீச்சர், டூரு இந்த வருசம் வேண்டாம். மக வாரேன்னு சொல்லியிருக்கா'ன்னா. ரோஸ்லினும், 'ஆண்டவருக்குச் சித்தமானா அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்'ன்னா. நான் நம்பினேன். எனக்கு அழுகையா வந்துச்சு, ஆனா காட்டிக்கிடல. நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன், 'கவலைப்படாதீங்க செண்பகம், அதுக்குள்ள ஜாதீ நல்லா வந்திரும்'னு. பாருங்க, என்னைய ஏமாத்துனவளுக்கு நானே ஆறுதல் சொல்லியிருக்கேன்.

இனிமேதான் இருக்கு கதை. காப்பி ஆறுது, குடிங்க.

மாசி மாசம். காலையில கீரைக்காரம்மா தள்ளுவண்டியக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கா. செண்பகம் முருங்கைக்காயத் திருகிப் பாத்துக்கிட்டிருக்கா. நான் பின்னால நிக்கேன், அவ என்னைப் பாக்கல. கீரைக்காரம்மாகிட்ட சொல்லுதா, 'அடுத்த வாரம் எனக்குக் கீரை எடுத்து வைக்காண்டாம் கேட்டியா. நாங்க ஊர்ல இருக்க மாட்டோம். ஜெய்ப்பூர் போறோம்.'

எனக்கு எப்படி இருந்துச்சுங்கீங்க? பகீர்னு இருந்திருக்கும்னுதான நெனைக்கீங்க? இல்ல. சந்தோசமா இருந்துச்சு! ஏன்னு கேளுங்க. கீரைக்காரம்மா ஜெய்ப்பூருக்கு வரப்போறது இல்ல. அப்போ அவகிட்ட பேசுதப்ப நாங்கன்னுதான் சொல்லணும். நாமன்னு சொன்னா அது பிழை. இலக்கணப்படி சரி. ஆனா அந்த நாங்கள்ல யாரு யாரு உண்டுன்னு சொல்லல பாருங்க. அதுல நானும் இருக்கலாம்லா? நான் வெளியன்னு எங்க இருக்கு? எனக்குத் தெரியாம டிக்கெட்டு போட்டு, கடைசி நேரத்துல சொல்லப் போறாங்கன்னு நெனைச்சேன். எம் பிறந்தநாளு கிட்டத்துல வருது, அதுக்குத்தான் ஒளிக்காங்கன்னு நெனைச்சேன். கத்தரிக்காயக் கூட வாங்காம சத்தம் காட்டாம வீட்டுக்குள்ள வந்துட்டேன். அவங்க ஒளிச்சு வச்சத நான் கெடுக்கக் கூடாதுல்லா?

சூட்கேஸ எடுத்துத் தொடச்சேன். அங்க இன்னும் குளிரும்னு எங்க வீட்டுக்காரரோட மங்கி குல்லாவ எடுத்து வெயில்ல போட்டேன். பிள்ளைகளோட அம்மாமாருக்கெல்லாம் போனப் போட்டு, அடுத்த வாரம் கிளாஸ் கிடையாது, ராஜஸ்தான் போறேன்னு சொல்லிட்டேன். எம் மகன் கோயம்புத்தூர்ல இருக்கான், அவன்கிட்டயும் சொன்னேன். அவன், 'நல்லா போயிட்டு வாம்மா, நாங்களும் இந்த வாரம் ஊட்டி போறோம்'ங்கான். சரிப்பான்னேன்.

அப்புறம் ஒண்ணு செஞ்சேன். யாரும் சொல்லல, நானா செஞ்சேன். கண்ணாடி முன்னால நின்னு, 'கரம் பானி மிலேகா?'ன்னு சொல்லிப் பழகினேன். சுடுதண்ணி கெடைக்குமா. அவ்வளவுதான். சாதாரணமா. உஷ்ண ஜல்ல விட்டுட்டேன். அந்த ரெண்டு நாளும் அடுப்புல வெந்நி வச்சாலும் கரம் பானி, குளிச்சாலும் கரம் பானின்னு ஒரே கோட்டி பிடிச்சவ மாதிரி திரிஞ்சேன்.

மூணாவது நா சாயங்காலம் வரைக்கும் யாரும் வந்து சொல்லல. இவங்களுக்கு ஒளிச்சு வைக்கவும் ஒரு அளவு தெரியலைன்னு சிரிச்சுக்கிட்டே, ரயில்ல திங்கதுக்குச் சுட்ட முறுக்க ஒரு தூக்குல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். பச்சைக் கேட்டத் திறந்து, ஹாலுக்குள்ள போயி, எல்லாருக்கும் கேக்க மாதிரி கேட்டேன்:

'என்ன, நாம எப்ப கிளம்புதோம்?'

ரோஸ்லின் இருக்கா. பிரம்மு இருக்கா, சோபாவுல, கால ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு. நடுவுல ஒரு பெட்டி திறந்து கெடக்கு. செண்பகம் எந்திரிச்சு நின்னா. 'இல்ல டீச்சர்... நாங்க...'ன்னா. அதுக்கு மேல அவளுக்கு வரல.

வேற என்ன வரணும்? அதான் சொல்லிட்டாளே. எம் முகத்தப் பாத்து, எங்கிட்டயே சொல்லிட்டா. கீரைக்காரம்மாவும் நானும் ஒண்ணாயிட்டோம்.

ரோஸ்லின் அண்ணாந்து ஃபேனப் பாத்துக்கிட்டிருக்கா. பிரம்மு மட்டும், 'டீச்சரும் வரட்டுமே. நான் அப்பவே சொன்னேன்லா? டிக்கெட்டு இருக்கான்னு கேட்டுப் பாப்போம்'ங்கா. கேட்டீங்களா கதைய! அவ சொல்லுதா, என்னைய, 'வரட்டுமே'ன்னு! நான் போட்ட பிளானுக்கு, என்னைய அவ கூப்பிடுதா! எனக்கு எங்கயிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. 'எனக்கு அடுத்த வாரம் கிளாஸ் இருக்கு'ன்னு சொல்லி, முறுக்கத் தூக்கோட அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன். தெருவத் தாண்டதுக்குள்ள ரெண்டு தடவ காலு தடுக்குச்சு.

துரோகம். வேற சொல்லு கிடையாது. இந்தியில விஷ்வாஸ்காத்னு சொல்லுவாங்க. நம்பிக்கை மேல அடிக்கதுன்னு அர்த்தம். அம்மாமாருக்கெல்லாம் திரும்பப் போனப் போட்டு, 'கிளாஸ் உண்டு, பிள்ளைகள அனுப்புங்க'ன்னு சொன்னேன் பாருங்க, அப்பதான் அந்த அடி சரியா விழுந்துச்சு. 'ஏன் டீச்சர், போகலையா?'ன்னு ஒவ்வொருத்தியும் கேக்கா. 'உடம்பு சரியில்ல'ன்னேன். ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லிச் சொல்லி நெசமாவே காய்ச்சல் வந்துட்டு.

நான் என்ன குறை வச்சேன்னு படுத்துக்கிட்டே யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெம்படல. உங்களுக்கு ஏதாவது தெம்படுதா? பாருங்க, உங்களுக்கும் சொல்லத் தெரியல.

போனாங்க. வந்தாங்க. நான் வாசல்ல கூட நிக்கல. வந்த மறுநா பிரம்மு இந்தப் பையத் தூக்கிக்கிட்டு வாசப்படி ஏறி வாரா. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'ஸ்ஸ்'. கேக்காமலே சொல்லுதா, கோட்டைக்கு மேல வரைக்கும் ஜீப்பு போகுதாம். 'ராணி மாதிரி ஏறிப் போனேன் டீச்சர்'ங்கா. நான் கேட்டேனா? சுடுதண்ணி வாளி வாளியா வந்துச்சாம். அதையும் நான் கேக்கல.

பெறகு இந்தப் பொம்மைக் கதை. கடைக்காரன்கிட்ட தமிழ்லயே பேசினாளாம்! 'அண்ணே, நல்ல ஜோடியாக் குடுங்க, இது பிள்ளைக விளையாடுததுக்கு இல்ல, நம்ம டீச்சருக்கு'ன்னு. அவன் இந்தியில ஏதோ சொல்ல, இவ சிரிக்க, அவனும் சிரிச்சுட்டுக் குடுத்தானாம். அவன் பொம்மைய ஆட வச்சே காட்டுனானாம். நம்ம டீச்சராம். எப்படி நையாண்டி பாருங்க. போகும்போது நாங்க, பொம்மை கொடுக்கப்ப மட்டும் நம்மளா?

அதோட விட்டாளா? 'கிளம்பும்போது அவன் ஒண்ணு சொன்னான் டீச்சர், உங்ககிட்ட கேக்கணும்னே மறக்காம வச்சிருக்கேன். ஃபிர் ஆனா, ஃபிர் ஆனான்னு கையக் காட்டிக் காட்டிச் சொன்னான். அப்படின்னா என்ன டீச்சர்?'ன்னு கேட்டா. சின்னப் பிள்ளை மாதிரி எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா.

எனக்குத் தெரியாதா? மறுபடியும் வாங்கன்னு அர்த்தம். ஜெய்ப்பூர்க் கடைக்காரன் ஒருத்தன் வாய்விட்டுச் சொன்ன இந்தி, எம் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. உச்சரிப்பு கூட அச்சு அசலா அவ வாயில வந்திருந்துச்சு. நான், 'தெரியல'ன்னுட்டேன். ஆமா, அப்படித்தான் சொன்னேன். சொல்லணும்னு என்ன? கூட்டிக்கிட்டுப் போயிருந்தா அங்கனயே சொல்லியிருப்பேனே.

அவ பைய ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா. அன்னையில இருந்து அது அங்கனயேதான் தொங்குது. சாயங்காலம் எதுத்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்கும். இந்தச் சன்னல மட்டும் சாத்தி வச்சுக்கிடுவேன். நீங்க வந்தா மாடிச் சன்னலையும் சாத்திக்கிடுங்க, அது நேரா செண்பகம் வீட்டு ஹாலப் பாத்து இருக்கு.

சவத்த விடுங்க. உங்களப் பாத்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. எவ்வளவு பொறுமையாக் கேக்கீங்க! மாடி நல்லாக் காத்து வரும். சாயங்காலம் கீழ வந்திருங்க, பேசிக்கிட்டு இருக்கலாம். இந்தி தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? ரொம்ப நல்லது, அடியில இருந்து சொல்லித் தாரேன். அடுத்த தை மாசம் நாம ரெண்டு பேரும் ஜெய்ப்பூர் போயிட்டு வந்திருவோம். பிளான் எல்லாம் தயாரா இருக்கு, ஆள மட்டும்தான் மாத்தணும்.

ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. மாடியில இருந்து இறங்குதப்ப கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே வந்தீங்களே, உங்களுக்குக் கால்முட்டு வலி ஏதும் உண்டுமா? இல்ல, சும்மா கேட்டேன். கோட்டை ஏறணும்லா.

ஆ, சார் ஹாரன் அடிக்காரு. காப்பிய அப்படியே வச்சுட்டீங்களே. சரி, சரி, இருக்கட்டும், டம்ளர நான் எடுத்துக்கிடுதேன். அப்போ எப்ப பால் காய்ச்சுதோம்? வெள்ளிக்கிழமை நல்ல நாளா இருக்கு.

என்ன சொன்னீங்க?

'நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்'னா?

ஆமா. நீங்களும் சாரும். நான் இதுல வரமாட்டேன்லா. சரிதான். இலக்கணப்படி அதுதான் சரி.